சொட்டுச் சொட்டாகப் போகும் ஆயில்! பழைய அம்பாசிடர் காரைக் காப்பாற்றுவது எப்படி?

வீட்டு வாசலில் கார் நிற்கிறது. காலையில் காரை எடுத்ததும் தரையைப் பார்க்கிறீர்கள். சிமெண்டுத் தரையில் கறுப்பாக ஒரு பொட்டு! பத்து ரூபாய் நாணயம் அளவுதான். மறுநாள் இரண்டு பொட்டு. ஒரு வாரம் போனால் தோசை அளவு!

"வண்டிக்கு வயதாகிவிட்டது. விற்றுவிட வேண்டியதுதான்" என்று வீட்டில் பேச்சு எழும். "என்ஜினையே இறக்க வேண்டும். பெரிய செலவு வரும்" என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துவார்.

அவசரப்பட வேண்டாம். அந்தப் பொட்டு பெரிய கோளாறின் அடையாளமாக இருக்கலாம். சில ரூபாய் விலையுள்ள ஒரு வாஷர் தேய்ந்து போனதாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் ஸ்பானரைத் தொட்டால் காசுதான் வீண்.

ஒழுகும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படி அடைப்பது? அந்த விவரத்தைப் பார்ப்போம்.

கல்யாணத்துக்கு வந்த கார்

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு அம்பாசிடர் காரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை. பொன்னமராவதியில் கல்யாணம் என்றாலும், அறந்தாங்கியில் இருந்து திருச்சி ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக வேண்டும் என்றாலும், ஒரு காலத்தில் வாசலில் வந்து நின்றது அந்தக் கார்தான். பாட்டி, பேரன், பித்தளை அண்டா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு செம்மண் சாலையில் அது ஓடியது.

அந்தக் கார் பிறந்த இடம் வங்காளம். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாரா என்ற ஊரில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1957-ம் ஆண்டு முதல் அது தயாரானது. இங்கிலாந்து நாட்டு "மாரிஸ் ஆக்ஸ்போர்டு" காரின் மறுபதிப்பு அது. 2014-ம் ஆண்டு மே மாதம் உற்பத்தி நின்றுவிட்டது.

ஆகவே, இன்று ஓடும் அம்பாசிடர் கார்களில் கடைக்குட்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. மூத்தவற்றுக்கு அறுபது வயதுக்கு மேல்!

பல்லாண்டு காலம் அந்தக் காரில் இருந்தது 1489 சி.சி. என்ஜின். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் "பி" வரிசையைச் சேர்ந்தது. புகழ் பெற்ற "எம்.ஜி.பி." ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே குடும்பத்து என்ஜின்தான். உழைப்புக்குப் பெயர் பெற்றது. ஒழுகலுக்கும் பெயர் பெற்றது!

அம்பாசிடரில் 1990-களில் ஜப்பானின் இசுசூ என்ஜினும் வந்தது. இங்கே சொல்வது பழைய 1489 சி.சி. என்ஜினைப் பற்றி. ஆனால் ஒழுகலைத் தேடும் முறை எந்தப் பழைய காருக்கும் ஒன்றுதான்.

சொட்டுக் கணக்கு

"ஒரு சொட்டுத்தானே?" என்று சிலர் சும்மா இருந்துவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 1,440 சொட்டு. ஏறத்தாழ 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. அப்படியானால் நாளுக்கு 72 மில்லி. இரண்டே வாரத்தில் ஒரு லிட்டர் போய்விடும்!

ஆயில் விலை மட்டும் அல்ல நஷ்டம். என்ஜினுக்குள் இரும்போடு இரும்பு உரசாமல் நடுவில் மெல்லிய படலமாக நிற்பது ஆயில். சூட்டைக் கொண்டு போவதும் ஆயில். அது குறைந்தால் பேரிங்குகள் உருகும். கிராங்க் தண்டு கீறும். கடைசியில் என்ஜின் "ஜாம்" ஆகி நின்றுவிடும். வாடகைக்கு ஓட்டுகிறவர் என்றால் அன்றோடு அவருடைய பிழைப்பும் நின்றுவிடும்.

ஆகையால், ஓடும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். நார்த்தாமலை அருகே விளக்கு எரிந்தால், "கீரனூர் வரைக்கும் போய்விடலாம்" என்று நினைக்கக்கூடாது. அந்தச் சில கிலோமீட்டர் ஓட்டமே என்ஜினுக்கு எமனாகிவிடும்.

ஒழுகல் சிறிதாக இருந்தாலும், தினமும் காலையில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். கார் சம தரையில் நிற்க வேண்டும். என்ஜின் ஓடாமல் இருக்க வேண்டும். குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும்.

எது ஒழுகுகிறது?

தரையில் கிடப்பதெல்லாம் என்ஜின் ஆயில் அல்ல. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கறுப்பு அல்லது பழுப்பு நிறம். காருக்கு முன்பாதியின் அடியில் கிடக்கிறது. இது என்ஜின் ஆயில்.

பிசுபிசுப்பாக, கந்தக வாடையுடன் காரின் பின்பக்கம் கிடக்கிறது. இது பின் அச்சின் கியர் ஆயில்.

பச்சை நிறமாக அல்லது துருத் தண்ணீராக, ரேடியேட்டருக்கு அடியில் இருக்கிறது. இது குளிர்விக்கும் தண்ணீர்.

தண்ணீர் போல நீர்த்து, வழவழப்பாக, சக்கரத்தின் உட்புறத்திலோ டிரைவர் கால்மாட்டுக்கு அடியிலோ இருக்கிறது. இது பிரேக் ஆயிலாக இருக்கலாம். அபாயம்! இதைச் சரிபார்க்காமல் காரை ஒரு அடி கூட நகர்த்தக் கூடாது.

இரவில் காருக்கு அடியில் பழைய பத்திரிகைத் தாள்களை விரித்து வையுங்கள். சக்கரம் நிற்கும் இடத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எந்த இடத்தில், எந்த நிறத்தில், எத்தனை சொட்டு என்று தெளிவாகத் தெரியும்.

ஓட்டு வீட்டு ரகசியம்

ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். மழை பெய்யும்போது கூடத்தின் நடுவில் தண்ணீர் சொட்டும். ஆனால் ஏறிப் பார்த்தால் அங்கே ஓடு நன்றாக இருக்கும். உடைந்த ஓடு மேலே, முகட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் சட்டத்தின் வழியே ஓடி வந்து நடுக்கூடத்தில் சொட்டியிருக்கும்.

என்ஜினிலும் அதேதான். மேலே கசியும் ஆயில் கீழே வழிகிறது. கார் ஓடும்போது முன்னாலிருந்து வீசும் காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது. ஆகவே, அடியில் ஈரமாக இருக்கும் இடம் குற்றவாளி அல்ல! குற்றவாளி அதற்கு மேலே இருப்பான். அல்லது முன்னே இருப்பான்.

இது தெரியாமல் பலர் அடியில் உள்ள சம்ப் பேக்கிங்கை மாற்றுகிறார்கள். சம்ப் என்பது என்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி. அதைக் கழற்றி மாட்டிய பிறகும் ஒழுகும். ஏன் என்றால், கசிவு என்ஜினின் உச்சியில் இருந்தது!

குளிப்பாட்டிப் பாருங்கள்

ஒர்க்‌ஷாப்பில் இப்படி ஒரு பேச்சு நடப்பதுண்டு.

"அண்ணே, என்ஜினை இறக்கணுமாண்ணே?"

"இருப்பா. முதல்ல அதைக் குளிப்பாட்டு. அப்புறம் எங்க அழுவுதுன்னு அதுவே சொல்லும்."

அதுதான் சரியான வழி. பழைய என்ஜினில் ஆயிலோடு செம்புழுதியும் சேர்ந்து அடை போல அப்பியிருக்கும். அந்த அடை இருக்கும் வரை எதுவும் தெரியாது.

முதலில் என்ஜின் நன்றாக ஆறட்டும். சூடான என்ஜினில் மண்ணெண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும். பெட்ரோலைக் கொண்டு கழுவவே கூடாது. பீடி, சிகரெட்டு பக்கத்தில் வரக்கூடாது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், டைனமோ ஆகியவற்றைப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். பிறகு பிரஷும் மண்ணெண்ணெயும் கொண்டு அடையைத் தேய்த்து எடுங்கள். துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள்.

அடுத்து, குழந்தைக்குப் பூசும் முகப்பவுடர் போதும். சந்தேகமான இடங்களில் லேசாகத் தூவுங்கள். என்ஜினைப் பத்து நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டை மேல்நோக்கிப் பின்தொடருங்கள். அது தொடங்கும் இடம்தான் கசிவு!

கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடி உதவும். ஓடும் என்ஜினில் மின்விசிறியும் பெல்ட்டும் சுற்றுகின்றன. துண்டு, சேலைத் தலைப்பு, கை எதுவும் அருகில் போகக் கூடாது. காருக்கு அடியில் படுக்க வேண்டும் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். கெட்டியான ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

மேலிருந்து கீழே

இனி, இந்த என்ஜினில் வழக்கமாகக் கசியும் இடங்களை மேலிருந்து கீழாகப் பார்ப்போம்.

ராக்கர் கவர்: பானெட்டைத் திறந்ததும் மேலே தெரியும் தகர மூடி இது. இரண்டு நட்டுகள் அதைப் பிடித்திருக்கும். மூடிக்கு அடியில் கார்க் பேக்கிங் இருக்கிறது. சூட்டில் அது காய்ந்து, சுருங்கி, அப்பளம் போல நொறுங்கும். புதியது போட்டால் போதும். பேக்கிங்கை மூடியோடு ஒட்டி, காய்ந்த பிறகு மாட்டுவது நல்லது. நட்டுகளுக்கு அடியில் உள்ள ரப்பர் வளையங்களையும் மாற்றிவிடுங்கள். பலம் கொண்ட மட்டும் நட்டை முறுக்காதீர்கள்! தகரம் வளைந்துவிடும். பிறகு எத்தனை பேக்கிங் போட்டாலும் ஒழுகும்.

பக்க மூடிகள்: என்ஜினின் விலாவில், சைலன்சர் குழாய் தொடங்கும் பக்கத்தில், இரண்டு சிறிய மூடிகள் உண்டு. டாப்பெட் கவர் என்பார்கள். மறைவான இடம் என்பதால் பலர் பார்க்காமல் விட்டுவிடுவார்கள். இங்கே கசியும் ஆயில் சூடான குழாயில் பட்டால் தீய்ந்த வாடை வரும். கார் நின்றதும் உள்ளே புகை வாடை அடித்தால் இங்கே பாருங்கள். இங்கும் கார்க் பேக்கிங்தான்.

ஆயில் பில்டர்: பில்டர் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஆயில் மாற்றும்போது பழைய வளையம் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் மேலே புதியதைப் போட்டால் ஆயில் பீறிட்டு வரும். ஆயில் மாற்றிய மறுநாளே ஒழுகினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

பிரஷர் குழாய்: ஆயில் அழுத்தத்தைக் காட்டும் மீட்டருக்கோ விளக்குக்கோ போகும் இணைப்பு இது. இங்கே ஆயில் அழுத்தத்தோடு வருகிறது. சிறிய வெடிப்பு என்றாலும் சீக்கிரமே தொட்டி காலியாகிவிடும். தாமதம் செய்யாமல் மாற்ற வேண்டும்.

டைமிங் கவர்: என்ஜினின் முன்பக்கம், பெல்ட் ஓடும் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சீல் உண்டு. அது தேய்ந்தால், சுற்றும் சக்கரம் ஆயிலை நாலா பக்கமும் வீசும். வட்டமாகக் கோடு போட்டது போலத் தெரியும். புதிய சீல் போடும்போது, சக்கரத்தை மாட்டி, மூடி சரியாக நடுவில் அமர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே போல்ட்டுகளை இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுச் சீலும் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும்.

சம்ப்: சுற்றிலும் உள்ள போல்ட்டுகள் அதிர்ச்சியில் தளர்ந்திருக்கலாம். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பாருங்கள். முன்னும் பின்னும் உள்ள கார்க் துண்டுகள் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

வடிகால் போல்ட்: ஆயிலை வடிக்கும் போல்ட்டுக்குச் செப்பு வாஷர் உண்டு. ஒவ்வொரு தடவையும் புதியது போடுவது நல்லது. கிடைக்காவிட்டால், பழைய வாஷரை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மிருதுவாகும். மறுபடி உதவும்.

என்ஜினுக்கு மூச்சு முட்டுகிறதா?

எல்லாப் பேக்கிங்கையும் மாற்றியாகிவிட்டது. ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகல்! ஏன்?

சோற்றுப் பானையை இறுக்கி மூடினால் என்ன ஆகும்? ஆவி மூடியைத் தூக்கும். கஞ்சி விளிம்பில் வழியும். என்ஜினும் அப்படித்தான். பெட்ரோல் எரியும் காற்றில் கொஞ்சம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும். அது வெளியேற "பிரீதர்" என்ற மூச்சுக் குழாய் உண்டு. குழாயில் அழுக்கு அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி, எந்த இடம் பலவீனமோ அங்கே ஆயிலை வெளியே தள்ளும். புதுப் பேக்கிங்கும் தாங்காது.

ஆகவே, பேக்கிங் வாங்கும் முன்பு பிரீதர் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இதற்குச் செலவே இல்லை!

குழாய் சுத்தமாக இருந்தும் உள்ளே அழுத்தம் இருக்கிறதா? என்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். ரயில் என்ஜின் போலக் குபுகுபு என்று புகை வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அது பெரிய வேலை. அதைச் சரி செய்யாமல் பேக்கிங்குகளை மாற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

பரம்பரைச் சொட்டு

கடைசி இடம் ஒன்று உண்டு. என்ஜினும் கிளட்ச்சும் சேரும் இடம்.

இன்றைய கார்களில் கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் இருக்கும். பழைய "பி" வரிசை என்ஜினில் அது இல்லை. பதிலாக, தண்டில் திருகு மரை போல ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். தண்டு சுற்றும்போது அந்த மரை ஆயிலை உள்ளே இழுத்துத் தள்ளும். தண்டு நின்றால் மரையும் சும்மா இருக்கும். அப்போது ஒன்றிரண்டு சொட்டு வெளியே வரும்.

இதை எதிர்பார்த்தே, கிளட்ச் கூண்டின் அடியில் ஒரு துளை வைத்து, அது அடைபடாமல் இருக்க ஒரு பின்னையும் தொங்க விட்டிருப்பார்கள். "சொட்டட்டும்" என்று செய்தவர்களே வழி விட்டிருக்கிறார்கள்! அந்தத் துளையை யாரும் அடைத்துவிட வேண்டாம். அடைத்தால் ஆயில் கிளட்ச்சில் ஏறிவிடும்.

ஆகவே, இந்த இடத்தில் இரவுக்கு ஓரிரு சொட்டு என்றால் கவலை இல்லை. சொட்டு நாளுக்கு நாள் பெருகினாலோ, ஏற்றத்தில் கிளட்ச் வழுக்கினாலோதான் என்ஜினையும் கியர் பெட்டியையும் பிரிக்க வேண்டும். அது கூலி அதிகம் ஆகும் வேலை. கிளட்ச் மாற்றும் நாள் வரும்போது சேர்த்துச் செய்துகொண்டால் ஒரு கூலி மிச்சம். மேலே சொன்ன இடங்கள் அத்தனையும் பார்த்து முடிக்காமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

செய்யக் கூடாதவை

"ஆயில்தான் ஒழுகுகிறதே" என்று மேல்கோட்டுக்கு மேலே ஊற்றாதீர்கள். அதிகமானால் ஒழுகலும் அதிகமாகும்.

பேக்கிங் பசையை அள்ளிப் பூசாதீர்கள். பிதுங்கும் பசை உள்ளே விழுந்து, ஆயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். பிறகு ஆயில் இருந்தும் என்ஜினுக்குப் போய்ச் சேராது.

"ஒழுகலை நிறுத்தும் மருந்து" என்று விற்கும் புட்டிகளை நம்பி இருந்துவிடாதீர்கள். காய்ந்த ரப்பரைக் கொஞ்சம் ஊற வைக்கலாம். கிழிந்த பேக்கிங்கையும் தளர்ந்த போல்ட்டையும் அது சரி செய்யாது.

காரை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் கார்க்கும் ரப்பரும் காய்ந்து சுருங்கும். வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள்.

ஊருணியைக் கெடுக்காதீர்கள்

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றுகிறவர்கள் உண்டு. வேலி ஓரத்தில் கொட்டுகிறவர்களும் உண்டு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரிய ஆறு கிடையாது. கண்மாயும் ஊருணியும்தான் உயிர். கொட்டிய ஆயில் முதல் மழையில் ஊருணிக்குப் போய்ச் சேரும். தண்ணீர்மேல் ஏடு போலப் படரும். பழைய ஆயிலை அபாயக் கழிவு என்று அரசாங்க விதி சொல்கிறது. டப்பாவில் பிடித்து மூடி, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். துடைத்த துணியையும் வீட்டு அடுப்பில் எரிக்காதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

1991-ம் ஆண்டு இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியது. எழுத்துக் கற்ற பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். நோட்டும் பென்சிலும் என்ன செய்யும் என்று இந்த மண்ணுக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

காருக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஊற்றிய ஆயில். மூன்றே கட்டம். வீட்டில் படிக்கிற பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

சென்ற மாதம் கால் லிட்டர்; இந்த மாதமும் கால் லிட்டர். அப்படியானால் பயம் இல்லை. இந்த மாதம் அரை லிட்டர் என்றால் எங்கேயோ கசிவு பெருகிவிட்டது. தரையில் பொட்டே இல்லாமல் ஆயில் குறைகிறது. சைலன்சரில் நீலப் புகை வருகிறது. அப்படியானால் ஆயில் ஒழுகவில்லை, உள்ளே எரிகிறது.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். "எங்கேயோ ஒழுகுகிறது, பாருங்கள்" என்று சொன்னால் மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். "பக்க மூடியில் இருந்து வழிகிறது, மாதம் அரை லிட்டர் குறைகிறது" என்று சொன்னால் அவருக்கும் நேரம் மிச்சம், உங்களுக்கும் பணம் மிச்சம்!